புதுச்சேரியில் எந்தப் பார்?

தலைப்பைப் பார்த்துத் தப்பாக நினைத்துவிட வேண்டாம். கடலடியில் மணலுக்கு நடுவே பாறை தலைதூக்கி மீன் அடையும் இடத்துக்குப் பார் என்று பெயர். மன்னார்க் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே புழங்கும் சொல். "புதுச்சேரிக்குப் போறேன், பார் பாக்க" என்று செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர் அனந்தபுரத்து டீக்கடையில் நான் வாய்விட்டுவிட்டேன். கடைக்காரர் சிரித்த சிரிப்பு செஞ்சி தாண்டித் திண்டிவனத்தில் பஸ் மாறும் வரை என் கூடவே வந்தது.

காலை ஆறு மணிக்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். ஏப்ரல் கடைசி வாரம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. சில படகுகளில் பெயின்ட் வேலை நடந்தது. டீசல், பழைய மீன், புது பெயின்ட், மூன்றும் கலந்த ஒரு வாசனை.

எங்கள் படகில் ஆறு பேர். ஸ்கூபா பயிற்சியாளர் ஒரு இளம்பெண். வெள்ளைப் பலகையில் பார்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தார்: டெம்பிள் ரீஃப், அரவிந்த் வால், ஃபோர் கார்னர்ஸ், ரவைன்ஸ், தி ஹோல். "ஆளுக்கு ரெண்டு சிலிண்டர் இருக்கு. ரெண்டு எடம். எது சார் வேணும்?"

கேள்வி சுலபம்தான். ஆனால் ஓட்டல் மெனு மாதிரி ஆசைப்பட்டதைச் சொல்ல முடியாது. என் கையில் இருப்பது 'அட்வான்ஸ்டு' சான்றிதழ், 30 மீட்டர் வரைக்கும்தான். படகில் இருந்த கல்லூரிப் பையன்கள் இருவரும் 'ஓப்பன் வாட்டர்'. அவர்களுக்கு 18 மீட்டரோடு கோடு. ஹோல் என்ற பெயரைப் பார்த்து அவர்களுக்குக் கண் விரிந்தது. "அது அனுபவம் உள்ளவங்களுக்கு, தம்பி" என்று பயிற்சியாளர் பலகையிலிருந்தே அதை அழித்துவிட்டார்.

ஆசைப்பட்ட இடத்தில் இறங்க வேறு ஊர் இருக்கிறது. கரீபியன் கடலில் பொனேர் என்று ஒரு குட்டித் தீவு, டச்சு ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே கரையோரச் சாலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வண்டியில் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு போய், பிடித்த கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நடந்தே கடலுக்குள் இறங்க வேண்டியதுதான். 1984-ல் மூழ்கிய 'ஹில்மா ஹூக்கர்' என்ற கஞ்சா கடத்திய கப்பல் அங்கே 30 மீட்டர் ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. 'ஆயிரம் படி' என்று இன்னொரு புகழ்பெற்ற இடம். உண்மையில் ஏறத்தாழ எழுபது படிதான். சிலிண்டரைச் சுமந்துகொண்டு திரும்பி ஏறும்போது ஆயிரமாகத் தெரியுமாம். ராஜகிரிக் கோட்டை ஏறிப் பழகிய செஞ்சிக்காரனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான்.

நமக்கு அந்த வசதி இல்லை. புதுச்சேரிக் கரையில் நடந்து இறங்கினால் அலையும் கலங்கல் மணலும்தான். பார் எல்லாம் உள்ளே இருக்கிறது. படகு வேண்டும், படகோட்டி வேண்டும், அதைவிடக் கடலின் சம்மதம் வேண்டும். எங்கள் படகோட்டி அறுபதைத் தொட்டவர். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு கயிற்றுத் துண்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்.

"இன்னாண்ணே, எப்படி இருக்கு?"

"தெண்டி தம்பி. மேல ஓட்டம் இருக்கு. கீழ கம்மியாத்தான் இருக்கும்."

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. மழைக்காலத்தில் வன்னியோடு ஆற்றுச் சேறும் சேர்ந்துகொண்டால் முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியாது. ஆகவே முதல் தேர்வு இடம் அல்ல, மாதம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் தெளிவு. படகில் ஜிபிஎஸ் இருந்தும் பெரியவர் அதைப் பார்த்தமாதிரி தெரியவில்லை. திரும்பிக் கரையைப் பார்த்தார். கலங்கரை விளக்கத்தை வேறொரு கட்டடத்தின் மேல் பொருத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். எனக்கு அந்தத் தூரத்தில் காந்தி சிலை எங்கே என்றுகூடத் தெரியவில்லை. அந்தச் சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்த தூண்கள். எங்கள் பக்கத்துக் கல் எங்களுக்கு முன்னாலேயே கடல் பார்க்க வந்துவிட்டது.

ஒரே நாளில் இரண்டு முறை இறங்கினால் ஆழமானது முதலில், ஆழம் குறைந்தது பிறகு என்பது பழக்கம். பையன்கள் இருவரையும் இன்னொரு பயிற்சியாளரோடு மேல்மட்டத்திலேயே நிறுத்திவிட்டு, நாங்கள் அரவிந்த் வாலில் இறங்கினோம்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு கை மூக்கில். ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பொத்திக் காதுக்குள் காற்றை ஊத வேண்டும். தவறினால் காதில் ஊசி குத்தும். பத்து மீட்டரில் பச்சை. இருபதில் கரும்பச்சை. 28 மீட்டரில் பாறை விளிம்பு வந்தது. அதற்கப்பால் பாறை சரிந்து இருட்டுக்குள் போனது. சவுக்கு மாதிரி நீண்டு நின்ற பவளங்கள். பெரிய களவா மீன் ஒன்று எங்களைப் பார்த்து, பொருட்படுத்தாமல், மெதுவாகத் திரும்பிப் போனது. விளிம்பில் ஒரு கிழிந்த வலை சிக்கிக் கிடந்தது. யாரோ கைவிட்ட வலை, ஆளில்லாமலேயே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த பின் சுவரின் அழகு கொஞ்சம் குறைந்துதான் போனது.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு என்று அழுத்தம் கூடும். 28 மீட்டரில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மேலே ஒரு மூச்சுக்கு ஆகும் காற்றைப் போல நான்கு பங்கை ஒவ்வொரு மூச்சும் விழுங்குகிறது. 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டர் (இது வேறு பார்!) கண் முன்னால் கரைந்தது. ரத்தத்தில் நைட்ரஜன் சேரும் கணக்கு வேறு. 30 மீட்டரில் தங்க 20 நிமிடம்தான் என்கிறது பிஏடிஐ (PADI) பயிற்சி அமைப்பின் அட்டவணை. களவா திரும்பி வருமா என்று நான் காத்திருந்தபோது பயிற்சியாளர் கட்டைவிரலை மேலே காட்டினார். தண்ணீருக்குள் அது 'சபாஷ்' அல்ல, 'ஏறு' என்று அர்த்தம். சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் கயிற்றில் கொடிபோலத் தொங்கினோம். சொறி மீன் ஒன்று என் மணிக்கட்டை உரசிப் போனது. சாயங்காலம் வரை அரிப்பு.

படகில் ஏறியதும் டைரியில் '28 மீ' என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் பார்த்தது என்ன என்று எழுத வந்தபோது ஒன்றரை வரிதான் தேறியது.

இரண்டாவது, டெம்பிள் ரீஃப். கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர், ஆழம் 18 மீட்டர். இயற்கையான பார் இல்லை இது. 2013-ல் சிமென்ட் கட்டைகள், கற்கள், பனை மரங்கள், இரும்புக் கம்பிகள் என்று போட்டு உருவாக்கியது. மனிதன் கொட்டியதில் பார்க்க என்ன இருக்கும் என்ற அலட்சியத்தோடுதான் இறங்கினேன். கட்டைகளுக்கு மேலே பாரை மீன் கூட்டம் ஒரு பெரிய தூணாகச் சுழன்றுகொண்டிருந்தது. நாங்கள் நடுவில் புகுந்ததும் தூண் திறந்து வழிவிட்டு, பின்னால் மூடிக்கொண்டது.

ஒரு கட்டையின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு மீன். எங்கேயோ பார்த்த முகம். ஊருக்கு டிவிஎஸ் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி வருகிற மீன்காரரிடம் செக்கச்செவேல் என்று கிடக்கிற சங்கராதான்! ஆழத்தில் முதலில் சாகும் நிறம் சிவப்பு. தண்ணீர் அதைக் குடித்துவிடும். பயிற்சியாளர் டார்ச்சை அடித்தார். அந்த வட்டத்துக்குள் மட்டும் மீன் பழையபடி சிவந்தது. விளக்கை நகர்த்தியதும் மறுபடி சாம்பல். பத்துத் தடவையாவது இந்த விளையாட்டைச் செய்திருப்போம். சங்கராதான் அலுத்துப்போய் நகர்ந்துவிட்டது.

அடுத்த கட்டைக்குக் கீழே ஒரு பொந்து. அதிலிருந்து அஞ்சாளை மீன் ஒன்று தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. கடிக்க வருவதல்ல, மூச்சுவிடுவதுதான் அது. நானும் மூச்சுவிட்டேன். என் குமிழிகள் மேலே போயின. எதிரெதிரே அப்படியே இருந்தோம்.

அனந்தபுரத்தில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தக் கற்ற ஆள் நான். அங்கேயும் பந்தயம் உண்டு: முங்கிப் போய் அடிமண்ணைக் கைப்பிடி அள்ளிவந்து காட்ட வேண்டும். ஊரிலேயே ஆழமான கிணற்றில் மண் எடுத்தவனுக்குத்தான் பேர். ஆனால் நாங்கள் தினமும் போய் விழுந்தது அங்கே இல்லை. படிக்கட்டுச் சுவரின் இடுக்கில் விரால் குஞ்சுகள் திரிந்த, ஆழமில்லாத இன்னொரு கிணற்றில்.

கரை திரும்பும்போது பெரியவர் கேட்டார்: "ரெண்டுல எது தம்பி?"

"ரெண்டாவது."

"அட, அது நாம போட்ட கல்லுதான?" அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவர் மதிப்பது கடல் தானாகப் போட்ட பாரை.

துறைமுகத்தில் பயிற்சியாளர் மறுநாள் பலகையை எழுதினார். ரவைன்ஸ், ஃபோர் கார்னர்ஸ் என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். டெம்பிள் ரீஃப் என்றேன்.

"இன்னிக்குப் பாத்ததுதான சார்?"

அந்தப் பொந்துக்குள், அஞ்சாளையின் கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கண் தெரிந்த மாதிரி இருந்தது. சிலிண்டரின் அளவுமானி 60 பாருக்கு வந்துவிட்டதால் குனிந்து பார்க்க முடியவில்லை.