நூற்று ஒன்பதில் நின்ற முள்

நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை பற்றி எழுதுகின்றவர்கள் பெரும்பாலும் இரண்டு புகைப்படங்களைப் பிரசுரிப்பார்கள். முதலாவதில் சேர்ட்டின் பொத்தான்கள் தெறித்துவிடும் போல் ஒருவர் நிற்பார். இரண்டாவதில் அதே மனிதர் தமது பழைய காற்சட்டையின் இடுப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருப்பார். இரு படங்களுக்கும் இடையில் கழிந்த மாதங்களைப் பற்றி எவரும் அதிகம் எழுதுவதில்லை. பத்திரிகைத் தொழிலில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்ற வகையில் இதில் எனக்கு வியப்பேதும் இல்லை. தொடக்கமும் முடிவும் செய்தி, நடுவில் நடப்பது செய்தியல்ல என்பது ஆசிரியபீடங்களின் எழுதாத விதி. ஆனால், அந்த நடுப்பகுதியில்தான் நான் நீண்டகாலம் குடியிருந்தேன். ஆகவே அதைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

2023 பெப்ரவரியில் கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் எனக்கு அந்தச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அப்போது எனக்கு வயது 61. உயரம் 170 சென்ரிமீற்றர். நிறை 128 கிலோ. உடற்திணிவுச் சுட்டெண் 44. ஆசிய நாட்டவர்களுக்கு 23ஐத் தாண்டினாலேயே கவனிக்க வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் கூறியிருக்கிறார்கள். அந்த எல்லைகளையெல்லாம் நான் எப்போதோ கடந்துவிட்டிருந்தேன்.

இத்தனை நிறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பத்திரிகைக் காரியாலயத்தின் இரவுகளைத்தான் காட்ட வேண்டும். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை மேசையை விட்டு எழ முடியாது. நள்ளிரவு தாண்டிய பிறகு திறந்திருக்கும் கடைகளில் கொத்து ரொட்டியைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த நாட்களில் அதுவும் இல்லை. பணிசையும் சீனி கூடிய பிளேன்ரீயையும் சாப்பிட்டுவிட்டு, பழைய பத்திரிகைக் கட்டுகளின் மீதே உறங்கியிருக்கிறோம். தேர்தல் முடிவுகள் வரும் இரவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனது தலைமுறைப் பத்திரிகையாளர்களில் நீரிழிவு இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு அது பதினான்கு வருடங்களாக இருந்தது. தினமும் இரண்டு தடவை இன்சுலின். இரவில் மூச்சுத் தடைப்பட்டுத் திடுக்கிட்டு விழித்துக்கொள்வேன். முழங்கால்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தன.

எனக்குச் செய்யப்பட்டது இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சை. எஞ்சியிருப்பது ஒரு வாழைப்பழத்தின் வடிவிலான குழாய். அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லிலீற்றர் வரைதான், ஒரு சிறிய தேநீர்க் கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதைத் தனியாகச் செய்யும் நோக்கத்தில் தொடங்கவில்லை என்பது சுவையான செய்தி. மிக அதிக நிறையுடையவர்களுக்குப் பெரிய சத்திரசிகிச்சையை ஒரே தடவையில் செய்வது ஆபத்தானது என்பதால், 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இதை முதற்கட்டமாக மட்டும் செய்தார்கள். அவர்களில் பலர் இரண்டாம் கட்டம் தேவைப்படாத அளவுக்கு மெலிந்துவிட்டார்கள். வெட்டி அகற்றப்படும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகமாகச் சுரக்கிறது. அதை ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே 1999இல்தான். ஆகவே, சிறிய வயிறு மாத்திரமல்ல, பசியின்மையும் இந்தச் சத்திரசிகிச்சையின் பரிசு. முதல் சில வாரங்களில் சாப்பிட வேண்டும் என்ற நினைவே எனக்கு வரவில்லை.

முதல் மாதத்தில் 12 கிலோ குறைந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். "முதல் மாதக் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம்" என்று வைத்திய நிபுணர் மட்டும் எச்சரித்தார். உடலில் மாச்சத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னுடன் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறைந்தவுடன் முதலில் செலவாவது அதுதான். அதனுடன் நீரும் போய்விடும். முதல் நாட்களின் பெருங்குறைவில் கொழுப்புக்குரிய பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது.

மூன்றாவது மாத முடிவில் நிறை 109 கிலோ. அங்கே தராசின் முள் நின்றது. ஒரு வாரமல்ல, இரண்டு வாரமல்ல, ஏழு வாரங்கள்.

அந்த ஏழு வாரங்களில் நான் சாப்பிட்டவை அனைத்தும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. நிருபராக இருந்த காலத்துப் பழக்கம். காலையில் இரண்டு முட்டை வெள்ளைக்கரு. பத்து மணிக்குப் புரதமாவு கரைத்த பால். மதியம் உள்ளங்கையில் பாதியளவு மீனும் இரண்டு கரண்டி பருப்பும். இரவில் ஓர் இடியப்பமும் சொதியும் சிறிது கோழியிறைச்சியும். உணவுக்கு அரை மணித்தியாலம் முன்னும் பின்னும் தண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் நாளொன்றுக்கு 800 கலோரியைத் தாண்டாது. காலையில் வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் வழியாக முக்கால் மணித்தியால நடை வேறு. 800 கலோரியில் ஒரு மனிதன் ஏழு வாரங்கள் 109 கிலோவில் நிற்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பிழை திருத்துபவர் ஈய எழுத்துக் காலத்தில் 'புரூப்' பார்ப்பதைப்போல அந்தப் புத்தகத்தை வரிவரியாகப் பார்த்தேன். ஒரு பிழையும் அகப்படவில்லை.

எனக்கு அகப்படாதது மற்றவர்களுக்கு அகப்பட்டது. ரொறொன்ரோவிலிருந்து அக்கா தொலைபேசியில், "தம்பி, இவ்வளவு காசைக் கொட்டிப்போட்டு இதென்ன கதை?" என்றார். திருமண வீடொன்றில் பழைய நண்பரொருவர் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எனது கோப்பையைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. வடையில் கால்வாசியைக்கூட நான் தொடவில்லை என்பதைக் கண்ட பிறகும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் இரவு மனைவி, விளையாட்டாகத்தான், "இஞ்சாருங்கோ, எனக்குத் தெரியாமல் கந்தோர் கன்ரீனிலை ஏதும் சாப்பிடுறியளோ?" என்று கேட்டுவிட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எழுந்துபோய் பல்கனியில் நின்றேன்.

செய்தியொன்றை இரண்டு இடங்களில் உறுதிப்படுத்தாமல் பிரசுரிக்காதே என்று எனக்குக் கற்பித்தவர்கள் உண்டு. பெரிய மனிதர்கள் நான் எழுதியதைப் பொய்யென்று மறுத்தபோதெல்லாம் ஆதாரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். எனது சொந்த உடம்பைப் பற்றி நான் சொல்வதை மட்டும் எவரும் நம்பவில்லை. தராசு எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பருத்த மனிதனின் வார்த்தைக்கு இந்தச் சமூகத்தில் மதிப்பில்லை. அவன் களவாகச் சாப்பிடுகிறான் என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட தீர்ப்பு.

போதாக்குறைக்கு, எனக்குச் செய்த அதே வாரத்தில் அதே சத்திரசிகிச்சையைச் செய்துகொண்ட இளைஞரொருவர் இருந்தார். வங்கியொன்றில் வேலை, வயது 34. கிளினிக்கில் பெரும்பாலும் அருகருகே அமர்ந்திருப்போம். நான் 19 கிலோவில் நின்றபோது அவர் 31 கிலோ இறங்கியிருந்தார். என்னைக் கண்டதும் தமது நிறையைச் சொல்லாமல் வேறு கதை பேசத் தொடங்கும் அளவுக்கு நல்ல பிள்ளை. அந்த நல்ல குணம்தான் எனக்கு இன்னும் வலித்தது.

பழைய பத்திரிகைக்காரன் சும்மா இருப்பானா? தேடத் தொடங்கினேன். முதலில் அகப்பட்டது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் நடத்திய ஆய்வு. 1944 நவம்பரில் தொடங்கியது. மனச்சாட்சியின் பேரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் இதற்குத் தாமாகவே முன்வந்தார்கள். யுத்தத்தால் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவளித்து மீட்பது என்பதை அறிவதே நோக்கம். 24 வாரங்கள் அரைவயிற்றுச் சாப்பாடு. அவர்களது நிறையில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. ஆனால், அவர்களது உடல் ஓய்விலிருக்கும்போது செலவழிக்கும் சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது. உடம்பு சிறுத்ததால் மட்டும் ஏற்பட்ட குறைவல்ல அது. பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணி உடம்பு தானாகவே செலவைச் சுருக்கிக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்தது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர் அவர். எலும்பும் தோலுமாக வந்த மனுஷிக்கு நாங்கள் சோறும் கறியும் பரிமாறினால் இரண்டு பிடிக்குமேல் சாப்பிடமாட்டார். "உடம்பு கஞ்சிக்குப் பழகிப்போச்சு மோனே" என்பார். அதை நாங்கள் அப்போது கிழவியின் பேச்சென்றே எடுத்துக்கொண்டோம்.

நிற்க. 2016இல் வெளியான இன்னொரு ஆய்வும் உண்டு. தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கடும் பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் செய்து பெருமளவு மெலிந்த 14 பேரை, ஆறு வருடங்களின் பின்னர் கெவின் ஹோல் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு இழந்த நிறையில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. அப்படியிருந்தும், அவர்களது உடல்கள் அந்த நிறைக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட நாளொன்றுக்கு சராசரியாக 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தன. ஒரு நேரச் சாப்பாட்டுக்குச் சமமான கலோரி அது. இவர்கள் சத்திரசிகிச்சை செய்தவர்களல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆயினும், மனைவிக்கு இந்தப் பகுதியை நான் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தராசைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா எடுத்துத் தருவன்" என்றார்.

நிபுணரிடம் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். அவர் அதைப் பொறுமையாகப் புரட்டினார். நீங்கள் சாப்பிடுவதில் ஒன்றும் பிழையில்லை என்றார். வைத்தியரொருவரின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வசனத்துக்காக எத்தனை நாட்கள் காத்திருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன். வயது கூடியவர்களுக்கும், நீண்டகாலம் நீரிழிவு இருந்தவர்களுக்கும், அதிலும் இன்சுலின் எடுத்தவர்களுக்கும் நிறை மெதுவாகவே இறங்கும் என்று விளக்கினார். வங்கி இளைஞருடன் என்னை ஒப்பிடுவது, முப்பது வருடம் ஓடிய அச்சு யந்திரத்தைப் புதிய யந்திரத்துடன் ஒப்பிடுவதைப் போன்றது. இந்த உவமை என்னுடையது, அவருடையதல்ல. பிறகு அவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்தார். மூன்று மாதச் சராசரி சீனி அளவு 9.1இலிருந்து 6.2ஆக இறங்கியிருந்தது. "இன்சுலினை நிறுத்தி எவ்வளவு காலம்?" என்று கேட்டார். நாலரை மாதம் என்றேன். "அதை உங்கள் புத்தகத்தில் எங்கும் எழுதவில்லையே" என்றார். உண்மையில் அந்தப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு நிரல்கூட இருக்கவில்லை.

உணவியல் ஆலோசகரான பெண்மணி ஓர் அளவுநாடாவை எடுத்தார். தையற்காரரிடம் இருப்பதைப் போன்ற சாதாரண நாடா. தராசு அசையாதிருந்த அதே ஏழு வாரங்களில் எனது இடுப்பு 46 அங்குலத்திலிருந்து 44 ஆகியிருந்தது. முள்ளுக்குத் தெரியாத விடயம் நாடாவுக்குத் தெரிந்திருந்தது. தசை கரைந்துவிடாமலிருக்கப் புரதத்தைக் குறைக்க வேண்டாம் என்றும், நடை மட்டும் போதாது, பாரம் தூக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிப் பயிற்சி செய்வதைப் பேரப்பிள்ளைகள் படம்பிடித்து லண்டனுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். இந்தக் காலப்பகுதியில் பலருக்குத் தலைமுடி கொட்டும். என்னிடம் கொட்டுவதற்குப் பெரிதாக எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

எட்டாவது வாரத்தில் முள் அசைந்தது, 108. அதன் பிறகும் மாதமொன்றுக்கு ஒன்றரைக் கிலோ என்ற ஆமை வேகம்தான். ஒரு வருட நிறைவில் 98 கிலோ. மொத்தம் 30 கிலோ. வங்கி இளைஞர் அதை ஐந்தாவது மாதத்திலேயே தாண்டிவிட்டார்.

98 கிலோ உடைய ஒருவனை எவரும் ஒல்லி என்று சொல்லமாட்டார்கள். இன்றும் நான் 97க்கும் 99க்கும் இடையில்தான் நிற்கிறேன். சுவீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் அதிகமானோரைப் பல வருடங்கள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களுக்குள் மிகக் குறைந்த நிறையை அடைந்து, பின்னர் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். அது வேறு வகைச் சத்திரசிகிச்சைகள். இருந்தும், அவர்கள் சத்திரசிகிச்சை செய்யாதவர்களைவிட நீண்டநாள் வாழ்ந்தார்கள் என்பதை 2007இல் வெளியான முடிவுகள் காட்டின. ஆகவே, ஏறாமல் நிற்பதையே நான் இப்போது ஒரு வேலையாகச் செய்துகொண்டிருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் ஊசிமருந்துகளைப் பற்றி நிபுணர் சொல்லியிருக்கிறார். விலையைக் கேட்டுவிட்டு யோசிப்பதாகச் சொல்லி வந்தேன். பி12, இரும்பு, கல்சியம் ஆகியவை ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை. அவற்றில் சமரசம் இல்லை.

சென்ற மாதம் அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், நாலு மாசமா ஏறிக்கொண்டே வருது. நாலு கிலோ. வீட்டிலை ஒருத்தரும் நம்பீனமில்லை" என்றார். குரல் உடைந்திருந்தது. என்ன சாப்பிடுகிறீர் என்று நான் கேட்கவில்லை. இரவில் மூச்சுத்திணறல் திரும்பியிருக்கிறதா, படியேறும்போது முழங்கால் எப்படி என்று கேட்டேன். இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார். எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லையாம். கொப்பியொன்றும் அளவுநாடாவும் வாங்கிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கு என்னுடன் வரும்படி சொல்லியிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை போகிறோம்.