பெட்டிக் கணக்கு சரியாக இருக்கிறது

"மாதாமாதம் சர்க்கார் உதவித்தொகை வருகிறதே, இவனுக்கு வேலை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையைப் பெற்றவளிடம் கேட்டுப் பாருங்கள். பணம் அரிசிக்கு ஆகும்; "எனக்குப் பிறகு இவன் கதி என்ன?" என்ற கேள்விக்குப் பதில் ஆகுமா?

புதுச்சேரியில் எங்கள் தெருவில் அப்படி ஒரு தாய். மகனுக்கு வயது 24. எழுத்து ஏறவில்லை. ஆனால் ஒரு காரியத்தைக் கற்றுக்கொண்டால் நூறு தடவையும் ஒரே மாதிரி செய்வான். அவளோடு நானும் கடை கடையாக ஏறி இறங்கினேன். "ஐயோ பாவம்" என்றவர்கள் பலர். வேலை தந்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர்தான்.

வேலை கிடைப்பது பாதி, நிலைப்பதல்லவா மீதி! கேக் பெட்டி மடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தாயும் நானும் மாறி மாறிக் கூட நின்றோம். ஒவ்வொரு மடிப்பையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டினோம். "சீக்கிரம்" என்றால் அவனுக்குப் புரியாது. "இந்தக் கூடை நிறையும் வரை" என்றால் புரியும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் கலங்கிப் போவான். அதனால் ஒருவரே வேலை சொல்வதென்று ஏற்பாடு.

மூன்றாம் மாதம் கடையில் மேஜையை இடம் மாற்றினார்கள். பையன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்! வேலை போயிற்று என்றே தாய் அழுதாள். முதல் நாளே அவனிடம் சொல்லி, புது இடத்தைக் காட்டியிருந்தால் போதும். அன்றுமுதல் அப்படியே செய்கிறார்கள்.

"தயவுக்காக வைத்துக்கொள்ளவில்லைங்க அம்மா. பெட்டிக் கணக்கு சரியாக இருக்கிறது" என்றார் முதலாளி. தாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நம் ஊரில் 2003-இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி போன்றவை இத்தகைய பிள்ளைகளுக்காகவே இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு வேலைகளில் 4 சதவீதத்தை மாற்றுத் திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் முதலியவை உள்ளவர்களுக்கு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் கலெக்டர் தலைமையிலான குழு மூலம் காப்பாளரை நியமித்துக் கொள்ளலாம். "எனக்குப் பிறகு?" என்று தவிக்கும் தாய்மார்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் தெருமுனைக் கடைக்குச் சட்டம் வந்து நிற்காது, நாம்தான் போகிறோம். சாமான் கட்டித் தரும் பையன் சற்று நிதானமாகக் கட்டினால், சகோதரிகளே, ஒரு நிமிஷம் பொறுத்திருங்கள். அவன் வேலை நிலைப்பதும் போவதும் பல சமயம் அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது.