உஸ்தாவின் வகுப்பு

கெய்ரோவில் முகம்மது அலி தெருவைத் தேடிப் போனால் முதலில் கண்ணில் படுபவை மேசை நாற்காலிக் கடைகள்தான். அட்டாபா சதுக்கத்திலிருந்து கோட்டையை நோக்கிப் போகும் இந்தத் தெரு, ஒரு காலத்தில் பாட்டுக்காரர்களும் மேளக்காரர்களும் ஆட்டக்காரிகளும் குடியிருந்த இடம். கல்யாணம் வைத்திருப்பவர்கள் இங்குள்ள காபிக்கடைகளுக்கு வந்து, பேரம் பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். 1834இல் ஆட்டக்காரிகளைத் தலைநகரிலிருந்து துரத்தி எஸ்னா போன்ற தெற்கத்தி ஊர்களுக்கு அனுப்பியவர் முகம்மது அலி பாஷா. பின்னாளில் அவர் பெயரில் போட்ட தெருவிலேயே அந்தத் தொழில் செழித்தது.

ஊத் வாத்தியம் செய்யும் கடைகள் சில இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு மேலேதான் நான் பார்க்கப்போனவரின் வீடு. எழுபதைத் தாண்டியவர். கல்யாண ஆட்டக் குழுவின் தலைவியை இங்கே ‘உஸ்தா’ என்று கூப்பிடுவார்கள். மெக்கானிக்குக்கும் டிரைவருக்கும் அதே மரியாதைச் சொல்தான். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

கண்ணாடி பதித்த கூடமெல்லாம் கிடையாது. கம்பளத்தைச் சுருட்டிச் சுவரோரம் தள்ளினால் கிடைக்கும் இடம்தான் வகுப்பு. அன்றைக்குப் பிரேசிலிலிருந்து வந்த பெண் ஒருத்தி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூலையில் உஸ்தாவின் அக்கா மகன், மடியில் தபலாவோடு. நம் தபேலா இல்லை. ஒற்றை வாய், குடுவை மாதிரி உடல். முன்பு சுட்ட மண்ணில் செய்து மீன் தோல் போர்த்துவார்கள். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துபோகும் என்பதால் உள்ளே பல்பைத் தொங்கவிட்டுச் சூடேற்றுவார்கள். இவருடையது வார்ப்பு அலுமினியம், மேலே பிளாஸ்டிக். “சத்தம் பெரிசு, ருசி இல்லை” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெண் இடுப்பை வெடுக்கென்று தூக்கி இறக்கினாள். உஸ்தா எழுந்து போய் அவள் முழங்காலைத் தட்டினார். பிறகு பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே செய்து காட்டினார். ஒரு பாதம் தரையில் பதிந்திருக்கிறது. மற்றதில் விரல் மேடு மட்டும் தொட, குதிகால் தூக்கியிருக்கிறது. அந்தக் கால் முழங்கால் நீளும்போது இடுப்பு தானாக ஏறுகிறது, மடங்கும்போது விழுகிறது. இடுப்புக்கென்று தனி வேலையே இல்லை. தோளும் தலையும் அசையவில்லை. தபலாவின் ‘தும்’ விழுந்த அதே கணத்தில் இடுப்பும் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டத்தையா, தாளத்தையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நம் சினிமாவில் வில்லன் கூடாரத்தில் மட்டும் இந்த ‘பெல்லி டான்ஸை’ப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இவ்வளவு சிக்கனமான ஆட்டம் புதிது.

உஸ்தா ஆட்டத்தைப் படித்தது அவருடைய அத்தையின் குழுவில். யாரும் பாடம் நடத்தவில்லை. அத்தை ஆடும்போது பின்னால் நின்று விரலில் சாகாத் தட்டுவார். அந்தச் சின்னத் தாளங்களைப் பிசகாமல் தட்டத் தெரிந்த பிறகுதான் முன்னால் நிற்க விட்டார்களாம். அசைவுகளுக்குப் பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. பெயர்கள் பெரும்பாலும் கடல் தாண்டி உண்டானவை. சான் பிரான்சிஸ்கோவில் ஜமீலா சலிம்பூர் என்ற ஆசிரியை மாணவிகளுக்காக ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் வைத்தார். ‘மாயா’ அவற்றில் ஒன்று. எகிப்திலேயே மஹ்மூத் ரிதா 1959இல் தொடங்கிய குழு, நாட்டார் ஆட்டங்களை மேடைக்கேற்ப ஒழுங்குபடுத்தியது. இன்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெயர் கேட்கிறார்கள், எட்டு வரை எண்ணுகிறார்கள். உஸ்தாவும் கற்றுக்கொண்டுவிட்டார். “எண்ணிக்கொண்டு ஆடினால் தபலாக்காரன் எதற்கு?” என்று முணுமுணுத்தபடியே எண்ணுகிறார்.

அவர் முகம் மலர்ந்தது கல்யாணக் கதைகளில்தான். தெருவை அடைத்து வண்ணத் துணிப் பந்தல், பலகை மேடை, விடியும்வரை ஆட்டம். மைக்கைப் பிடித்தபடி நபத்ஷி என்றொரு ஆள் நிற்பார். யாராவது பணத்தை நீட்டியதும் பாட்டு சட்டென்று நிற்கும். கொடுத்தவர் பெயர், அவருடைய தெரு, கூட வந்த நண்பர்கள் என்று எல்லோருக்கும் சலாம் சொல்லி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நுக்தா என்கிற இந்தப் பணம் கிட்டத்தட்ட நம் மொய்தான்: இன்று வாங்கினால் நாளை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்ப வேண்டும். வசூலில் கல்யாண வீட்டுக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுவார்கள். ஒவ்வொரு சலாமுக்கும் அசையாமல் நின்று, மறுபடி சூட்டோடு ஆட்டத்தைப் பிடிப்பதுதான் உண்மையான திறமை என்கிறார் உஸ்தா. எந்த வகுப்பிலும் அதை யாரும் கேட்பதில்லையாம்.

கிளப் மேடை வேறு உலகம். 1926இல் பதீஆ மஸப்னி கெய்ரோவில் திறந்த அரங்கிலிருந்துதான் பெரிய மேடை, பெரிய இசைக்குழு, கைகளை விரித்து மேடை முழுவதும் நகரும் பாணி எல்லாம் பரவின. தஹியா கரியோகாவும் சாமியா கமாலும் அங்கே ஆடியவர்கள். சாமியா காற்றில் மிதப்பவர். தஹியா நின்ற இடத்திலேயே ஆடுபவர். சிறுவயதில் தஹியாவின் ஆட்டத்தைப் பார்த்த எட்வர்ட் சயீத், 1990இல் அவரைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். உஸ்தா தஹியா கட்சி. பலகை மேடையில் ஆடியவர் வேறு எந்தக் கட்சியில் இருப்பார்?

பிரமிடு சாலை கிளப்புகளில் அவரும் சில வருஷம் ஆடினார். 1977 ஜனவரியில் ரொட்டி விலைக்காகக் கலவரம் வெடித்தபோது அந்தச் சாலையின் கிளப்புகளைக் கொளுத்தினார்கள். ஆடியவளுக்கும் ரொட்டி அதே விலைதான் என்று சொல்லிச் சிரித்தார், கசப்பில்லாமல். அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆடையை எடுத்து என் மடியில் போட்டார். மணிகளின் கனம் தொடையை அழுத்தியது. ரவிக்கைக்கும் பாவாடைக்கும் நடுவே தோல் நிறத்தில் மெல்லிய வலை. வயிற்றைத் திறந்து காட்டக் கூடாது என்பது சட்டம். அதைச் சரிபார்க்க அதிகாரிகள் வருவார்கள். வலையைத் தைத்தவரே அது தெரியாதபடி தைத்திருக்கிறார். சட்டத்துக்கும் நிறைவு, ரசிகருக்கும் நிறைவு.

உள்ளூர்ப் பெண்கள் இப்போது தொழிலுக்கு வருவது குறைவு. கல்யாணத்தில் அம்மா, சித்தி, பாட்டி எல்லோரும் ஆடுவார்கள். ஆனால் காசு வாங்கி ஆடுகிறவளை மருமகளாக ஏற்கமாட்டார்கள். நைல் படகுகளிலும் ஓட்டல்களிலும் ரஷ்ய, உக்ரேனிய, லத்தீன் அமெரிக்கப் பெண்கள் நிறைய. 2003இல் வெளிநாட்டவருக்கு அனுமதி கிடையாது என்று அரசு அறிவித்தது. அடுத்த வருஷமே விலக்கிக்கொண்டது. அவர்கள் வருவதில் உஸ்தாவுக்குக் குறையில்லை. அவர்கள் கட்டணத்தில்தான் வீட்டு வாடகை நடக்கிறது. எனக்கென்னவோ இதில் நியாயக் குறைவு தெரிந்தது. உள்ளூர்க்காரர்கள் அவமானம் என்று உதறியதைக் காசு கொடுத்துப் படிப்பவர்கள் மேல் கோபப்பட முடியாது. உதறியவர்கள் மேல் படலாம்.

வகுப்பு முடிந்து பிரேசில் பெண் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அக்கா மகன் தபலாவை உறைக்குள் வைத்தபடி ஏதோ சொல்ல, உஸ்தா வெடித்துச் சிரித்தார். கூட வந்திருந்த, அரபு தெரிந்த என் நண்பருக்கே புரியவில்லை. அது ‘சிம்’, இந்தத் தெருக் கலைஞர்களின் குழூஉக்குறி. வாடிக்கையாளர் முன்னாலேயே கூலி பேசவும் ஆளை எடைபோடவும் உண்டானது. என்ன சொன்னார் என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

“அது கட்டணத்தில் சேராது” என்றார் உஸ்தா.