நாலு வரியில் எங்கள் பண்டிகை

ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சர் ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். கரும்பு, கன்று, களத்துமேடு, கதிர் அறுத்த உழவன் எல்லாம் அதில் இருந்தார்கள். பாடி முடித்ததும் ஒவ்வொருவராக எழுப்பி, "உங்க வீட்ல பண்டிகைக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். என் முறை வந்தது. "சர்க்கரைப் பொங்கல், வடை, அவியல்" என்றேன். அவியலை அதுவரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. முன் பெஞ்சுப் பெண் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா காணும் பொங்கலன்று வாங்கி வந்தது மாட்டுக்கறி. யாரும் என்னை மிரட்டவில்லை. அந்தப் பாட்டே போதுமானதாக இருந்தது.

பிறகு எம்.ஏ. தமிழ் படித்தேன். இயக்கத்துக்கு வந்தேன். இப்போது ஆவடியை ஒட்டிய ஒரு காலனியில், தகரக் கூரை போட்ட அறையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். இருபது பிள்ளைகள் வருகிறார்கள். பண்டிகை விடுமுறை வந்தால் அவர்களுக்கும் பள்ளியில் அதே கரும்பு, அதே களத்துமேடு. பாட்டில் வரும் உழவனுக்கு நிலம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் இல்லை.

அதனால் நாங்களே எழுதுவது என்று முடிவு செய்தோம். நாலே வரி. எதுகை மோனை தேடக் கூடாது. வீட்டில் பேசாத சொல் வேண்டாம். வூடு என்று எழுதினால் வீடு என்று நான் திருத்தமாட்டேன். "லீவுல உன் கண்ணால பாத்தத எழுது", அவ்வளவுதான்.

இது விளையாட்டு வேலை என்று சில தோழர்கள் நினைக்கலாம். 1922 இல், பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த எம்.சி. ராஜா ஒரு பள்ளி ஆசிரியர். பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியவர். ஒரு சமூகத்தின் பெயரை மாற்றப் போராடியவருக்கு, பிள்ளைகளின் வாயில் எந்தச் சொல் போகிறது என்பது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

போகி முடிந்து ஒரு பையன் எழுதி வந்தான். அவன் அப்பா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி.

நாங்க கொளுத்துனது
ஒரு கிழிஞ்ச பாய்.
எங்கப்பா அள்ளுனது
ஊரு மொத்த சாம்பல்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று முறை படிக்க வைத்தேன். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். எங்கள் துண்டறிக்கையிலும் போட்டோம்.

அடுத்த வாரம் ஏழாவது படிக்கும் பெண் நோட்டை நீட்டினாள்.

காணும் பொங்கலுக்கு
ஆயா மாட்டுக்கறி ஆக்குச்சி.
தெருவே வாசம்.
எனக்கு ரெண்டு துண்டு எக்ஸ்ட்ரா.

படித்துவிட்டுச் சிரித்தேன். அவள் கேட்டாள்: "அக்கா, இத ஸ்கூல்ல படிக்கட்டா? மிஸ் பண்டிகைக் கவிதை கொண்டாரச் சொன்னாங்க."

மேடையில் உணவு அரசியல் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஸ்கூல்ல வாணாம்மா. இங்க படி, போதும்."

அவள் விடவில்லை. "அவன்து சோகமா இருக்குதுன்னு கைதட்னீங்க. என்து ஜாலியா இருக்குது. இது மட்டும் ஏன் வாணாம்?"

எனக்குப் பதில் வரவில்லை. நம் துயரத்தைச் சொன்னால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள், கைதட்டுகிறார்கள். நம் சந்தோஷத்தைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்புக்குப் பயந்து நானே முன்கூட்டி வாயைப் பொத்திவிட்டேன். பிள்ளைகளிடம் கண்ணீரை மட்டும் கேட்டு வாங்குவதும் ஒருவகைச் சுரண்டல் என்று எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அவள் நோட்டைப் பார்த்தேன். மாடு போய்க் காய் வந்திருந்தது. "ஆயா காய்கறி ஆக்குச்சி." ஐந்தாம் வகுப்பில் நான் சொன்ன அவியல்தான் அது. எனக்காவது ஒரு பாட்டுக் கற்றுக் கொடுத்தது. அவளுக்கு நான் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்று சொன்னாளே தவிர, உடனே திருத்தவில்லை.

ஏப்ரல் மாதம் வந்தது. புத்தாண்டு தை ஒன்று என்று 2008 இல் ஒரு சட்டம் வந்தது; 2011 இல் அதை நீக்கிச் சித்திரைக்கே திரும்பினார்கள். எங்கள் தெருவுக்கு ஏப்ரல் 14 பற்றிச் சந்தேகமே கிடையாது. 1891 இல் அண்ணல் பிறந்த நாள். 2022 முதல் தமிழக அரசும் அதைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அன்று நீலக் கொடி கட்டி, சிலைக்கு மாலை போட்டு, பிள்ளைகளை மைக் முன்னால் நிறுத்தினோம். அவள் வந்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். மாட்டுக்கறி என்றே படித்தாள். கடைசி வரிக்குத் தெரு முழுக்கச் சிரிப்பு. கீழே உட்கார்ந்திருந்த அவள் ஆயா எழுந்து, "இன்னும் ரெண்டு துண்டு போடுறேன்டி" என்று கத்தினாள்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கவிதையை அவள் இன்னும் படிக்கவில்லை. அடுத்த பொங்கல் விடுமுறைக்குப் பிறகு படிக்கப் போவதாகச் சொல்கிறாள். இந்த முறை நான் தடுக்கமாட்டேன். கூடவே போய் வகுப்பு வாசலில் நிற்பேன்.