மலிவு யாருடைய செலவில்?



ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் லாஸ் ஏஞ்சல்ஸில் வளரும் நம் சபைப் பிள்ளைகளின் பேச்செல்லாம் பேஸ்பாலைச் சுற்றியே நடக்கிறது. தகப்பன்மார் கிரிக்கெட் ஸ்கோரைக் கேட்கிறார்கள்; பிள்ளைகளோ டாட்ஜர்ஸ் அணியில் இன்றைக்குப் பந்தெறிபவர் யார் என்று கேட்கிறார்கள். இவ்வாண்டு சபையாக ஒரு ஆட்டத்திற்குப் போகவேண்டும் என்பது வாலிபர் ஐக்கியத்தாரின் விண்ணப்பம். நல்ல விருப்பம்தான். நானும் மகிழ்ச்சியோடு சம்மதித்தேன்.

ஆனால் அந்த அறிவிப்பு வெளியானபின் நான் கவனித்த ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நாள் குறிக்கப்படுவதற்கு முன்பே, "அன்றைக்கு எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது, ஐயா" என்று சிலர் சொன்னார்கள். யார் அவர்கள் என்று தேடவேண்டாம், ஒருவரல்ல, பலர். நான்கு பேருக்கு நுழைவுச்சீட்டு, கார் நிறுத்தக் கட்டணம், உள்ளே வாங்கும் உணவு என்று கூட்டிப் பார்த்தவுடன் அந்த மாத வாடகை அவர்கள் நினைவுக்கு வருகிறது. "எங்களால் முடியாது" என்று சொல்வதைவிட "வேலை இருக்கிறது" என்று சொல்வது எளிது. ஒரு சபை விளையாட்டுப் பார்க்கப் போகிற நாளிலே சில பிள்ளைகள் வீட்டில் இருந்துவிட்டால், நாம் கூடிப் போனோம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே இந்த வாரம் சற்று உலகக் காரியமாகத் தோன்றும் ஒன்றை எழுதுகிறேன். கோபுரம் கட்ட எண்ணியவனைப் பற்றிய உவமையை நீங்கள் அறிவீர்கள். நாமும் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

முதலாவது, நுழைவுச்சீட்டு. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் தன் சொந்த மைதானத்தில் 81 ஆட்டங்கள் ஆடுகிறது. அவை அனைத்திற்கும் ஒரே விலை இல்லை. விரும்பிக் கேட்போர் பெருகப் பெருக விலையும் ஏறும். டாட்ஜர் ஸ்டேடியத்தில் 56,000 பேர் அமரலாம். 2025-ஆம் ஆண்டில் அங்கே வந்தவர்களின் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டியது. ஆகையால் இவ்வூரில் "மலிவான நாள்" தானாக வந்து நம் கையில் விழாது, நாம்தான் தேடவேண்டும். வெள்ளி, சனிக்கிழமைகளையும், வாணவேடிக்கை நாட்களையும், பொம்மைகள் இலவசமாகக் கொடுக்கும் நாட்களையும், சான் பிரான்சிஸ்கோ போன்ற பழைய போட்டியாளர் வரும் நாட்களையும் விட்டுவிடுங்கள். திங்கள் முதல் புதன் வரையுள்ள சாதாரண மாலைகளைப் பாருங்கள். உயரத்திலுள்ள மேல்தள இருக்கைகள் விலை குறைந்தவை. அங்கிருந்து ஆட்டத்தோடு சான் கேப்ரியல் மலைத்தொடரும் தெரியும். முதியோரை அழைத்துச் செல்கிறவர்கள் மூன்றாவது பேஸ் பக்கமாக இருக்கையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாலை வெயில் அப்பக்கத்தில் முதுகுக்குப் பின்னே இறங்குவதால் நிழல் சீக்கிரம் வரும்.

இணையத்தில் வாங்கும்போது முதலில் காட்டும் விலையைப் பார்த்து மகிழ்ந்து, கடைசிப் பக்கத்தில் சேரும் கட்டணங்களைப் பார்த்துத் திகைத்த காலம் ஒன்று உண்டு. 2024 ஜூலை முதல் கலிபோர்னியாச் சட்டமும், 2025 மே முதல் நாடு முழுமைக்குமான விதியும், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்டவேண்டும் என்கின்றன. ஆகவே இப்போது இரண்டு தளங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. மறுவிற்பனைத் தளங்களில் ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க விலை இறங்குவது வழக்கம். தனியாகப் போகும் வாலிபனுக்கு அது உதவும். நான்கு இருக்கைகள் சேர்ந்து வேண்டும் என்கிற குடும்பத்திற்கு அந்தக் காத்திருப்பு ஆகாது. முன்பின் அறியாதவர் தொலைபேசியில் அனுப்பும் சீட்டுப் படத்தை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். சீட்டு அதிகாரபூர்வமான செயலி வழியாக உங்கள் கணக்கிற்கே மாற்றப்படவேண்டும்.

இரண்டாவது, கார் நிறுத்தம். மைதானத்து வாயிலில் கொடுக்கும் கட்டணத்தைவிட முன்பதிவுக் கட்டணம் குறைவு. அதையும் தவிர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. யூனியன் ரயில் நிலையத்திலிருந்து மைதானத்திற்குச் சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. அன்றைய ஆட்டத்தின் சீட்டைக் காட்டினால் கட்டணம் இல்லை. ஆட்டத்திற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அவை புறப்படத் தொடங்கும். ஆட்டம் முடிந்தபின் திரும்பியும் கொண்டுவந்து விடும். வீட்டுக்கு அருகிலுள்ள மெட்ரோ நிலையத்தில் காரை விட்டுவிட்டு ரயிலில் யூனியன் நிலையம் வந்தால், ஒருவருக்கு ஒரு வழிக்கு 1.75 டாலர். நான்கு பேர் போய்வர 14 டாலர். முதியோருக்கு இன்னும் குறைவு.

மூன்றாவது, உணவு. இந்த மைதானத்திற்குள் வீட்டு உணவைக் கொண்டுபோக அனுமதி உண்டு. முத்திரை பிரிக்காத தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோகலாம். பை மட்டும் உள்ளே இருப்பது தெரியும்படியான கண்ணாடிப் பையாக இருக்கட்டும். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோக யாரும் வெட்கப்படவேண்டியதில்லை.

அன்பானவர்களே, இதுவரை எழுதியது சிக்கனம். இனி எழுதப்போவது சிக்கனத்தின் எல்லை. மலிவில் இரண்டு வகை உண்டு என்பதை நான் பல ஆண்டுகளாய்க் கண்டுவருகிறேன். மேலே அமர்வது, வாரநாளில் போவது, பேருந்துக்குக் காத்திருப்பது, கட்டுச்சோறு கொண்டுபோவது: இவற்றிலெல்லாம் நாம் பணத்திற்குப் பதிலாக நம் நேரத்தையும் வசதியையும் கொடுக்கிறோம். விலையைக் கொடுக்கிறவர் நாமே. இன்னொரு வகை மலிவில் நாம் கொடுக்காத விலையை வேறொருவர் கொடுக்கிறார்.

மைதானத்தைச் சுற்றியுள்ள எக்கோ பார்க் குடியிருப்புத் தெருக்களை எண்ணிப்பாருங்கள். அங்கே காரை விட்டுவிட்டு மலையேறி நடந்தால் ஒரு டாலரும் செலவாகாது என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஆட்ட நாளில், நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு வருகிற ஒரு பெண்மணி, கையில் மளிகைப் பைகளோடும் தூங்கும் குழந்தையோடும், தன் வீட்டு வாசலில் இடமின்றித் தெருத்தெருவாய்ச் சுற்றுகிறாள். நாம் மிச்சம் பிடித்த பணத்தை அவள் தன் அரைமணி நேரத்தால் செலுத்துகிறாள். அவ்வாறே, முழங்கால் வலியுள்ள தகப்பனாருக்குக் கிடைத்த நீலநிற மாற்றுத்திறனாளி அட்டையை அவர் வராத நாளிலும் காரில் தொங்கவிட்டு அருகிலுள்ள இடத்தைப் பிடிக்கிறவர்களும் உண்டு. அது சட்டத்திற்கும் விரோதம். அதைவிட, அந்த இடத்தை நம்பி வருகிற சக்கரநாற்காலிக்காரருக்கு விரோதம். நமக்கு மலிவாய்க் கிடைக்கும் ஒவ்வொன்றைக் குறித்தும், "மீதி விலையை யார் கொடுக்கிறார்?" என்று கேட்கப் பழகுவோம்.

அந்தக் கேள்வியை நேர்மையோடு கேட்டால், அது நம்மை வாகன நிறுத்தத்தின் தார்த்தரைக்கு அடியிலேயே கொண்டுபோகும். டாட்ஜர் ஸ்டேடியத்தைச் சூழ்ந்துள்ள அந்தப் பரந்த வெளியில் ஏறக்குறைய 16,000 கார்கள் நிற்கலாம். அந்த மலைப்பள்ளத்தாக்குக்குச் சாவேஸ் ரவீன் என்று பெயர். முன்பு அங்கே பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். பள்ளிக்கூடம் இருந்தது, கோயில் இருந்தது, வீட்டுப் பின்புறத்தில் ஆடும் கோழியும் தோட்டமும் இருந்தன.

1950-ஆம் ஆண்டு ஜூலையில் அவர்களுக்கு நகர வீட்டுவசதி நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஏழைகளுக்காகப் புதிய குடியிருப்பு கட்டப்போகிறோம். நிலத்தை விற்றுவிட்டுப் போங்கள். கட்டியபின் உங்களுக்கே முதல் உரிமை என்றார்கள். பெரும்பாலோர் போனார்கள். ஆனால் 1953-ல் மேயர் மாறினார், திட்டம் கைவிடப்பட்டது. முதல் உரிமை என்ற வாக்குறுதி காற்றோடு போயிற்று. 1957 பருவம் முடிந்தபின் டாட்ஜர்ஸ் அணி புரூக்ளினிலிருந்து இவ்வூருக்குப் பெயர்ந்தது. 1958 ஜூன் 3-ல் நடந்த வாக்கெடுப்பில் சொற்பப் பெரும்பான்மையால் நிலம் அணிக்குச் செல்ல வழி பிறந்தது. கடைசிவரை வெளியேறாமல் இருந்த குடும்பத்தை 1959 மே 8, வெள்ளிக்கிழமையன்று காவலர்கள் வெளியேற்றினார்கள். ஒரு பெண்ணைக் கையும் காலும் பிடித்துத் தூக்கிச் சென்ற காட்சியைக் கேமராக்கள் பதிவுசெய்தன. 1962 ஏப்ரல் 10-ல் மைதானம் திறக்கப்பட்டது. பாலோ வெர்டே பள்ளிக்கூடம் மண்ணுக்கடியில் புதைக்கப்பட்டது.

நாபோத்தின் திராட்சத்தோட்டம் உங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே ஒரே ஆகாப் இல்லை. நல்ல எண்ணத்தோடு கடிதம் எழுதியவர்கள் இருந்தார்கள். அந்த நல்ல எண்ணத்தைக் கொன்ற அரசியல் இருந்தது. காலியான நிலத்தைக் கேட்ட அணி இருந்தது. வாக்களித்த சாதாரண ஜனங்களும் இருந்தார்கள். பாவம் பல கைகளில் பகிரப்படும்போது ஒருவரும் அதைத் தம்முடையது என்று எண்ணுவதில்லை. இது நாம் அஞ்சவேண்டிய ஒன்று.

அப்படியானால் போகாமல் இருப்பதா? நான் அவ்வாறு சொல்லமாட்டேன். மெக்சிகோவின் சோனோரா மாநிலத்துச் சிற்றூரிலிருந்து வந்த பெர்னாண்டோ வலென்சுவேலா 1981-ல் அந்த மைதானத்தில் பந்தெறிந்தார். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம், சிறந்த பந்தெறிபவர் என்னும் இரண்டு விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்றார். அதுவரை அங்கே காலெடுத்து வைக்க மனமில்லாதிருந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் பல, அவரைப் பார்ப்பதற்காக வந்தன. 2024 அக்டோபரில் அவர் மறைந்தபோது இவ்வூர் தன் வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் அழுதது. காயம் மறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. காயம்பட்டவர்களே அந்த இடத்தில் களிகூர வந்தார்கள் என்றால், அதை அறிந்தவர்களாய் நாமும் போகலாம். அறியாமல் போவதுதான் தகாது. நாமும் ஏதோ ஒரு காரணத்தால் ஊரைவிட்டு வந்தவர்கள். ஒரு வீட்டை இழப்பது என்னவென்று நம் முதியோரைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகையால் மூப்பர்களோடு கலந்து இவ்வாறு தீர்மானித்திருக்கிறோம். ஜூன் மாதத்தில், பள்ளி விடுமுறை தொடங்கியபின், ஒரு வாரநாள் மாலை ஆட்டத்திற்குக் குழுச்சீட்டு வாங்குவோம். அனைவருக்கும் ஒரே பகுதியில் மேல்தள இருக்கைகள். ஒருவருக்கு ஆகும் செலவு அறிவிப்புப் பலகையில் எழுதப்படும். ஆலயத்தின் பின்புறப் பெட்டியில் பெயரெழுதாத கவர்கள் இருக்கும். முழுத்தொகையோ, பாதியோ, இரண்டு மடங்கோ, உங்களால் இயன்றதை இடுங்கள். யார் எவ்வளவு இட்டார் என்று ஒருவரும் கணக்கெழுதமாட்டார்கள். பெரிய கார் வைத்திருப்பவர்களும் அன்று யூனியன் நிலையத்திற்கு ரயிலிலேயே வாருங்கள். நடக்க இயலாதவர்களுக்கு மட்டும் கார். சிலர் காரிலும் சிலர் பேருந்திலும் போனால், பேருந்தில் ஏறுகிற பிள்ளைக்கு ஏன் என்று தெரிந்துவிடும். எல்லாரும் பேருந்தில் ஏறினால் அது வெறும் பேருந்துதான்.

அந்தப் பயணத்தில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் மூன்று ஊர்களின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பாலோ வெர்டே, லா லோமா, பிஷப். மேலே ஏறும்போது அவர்கள் ஒருமுறை அந்தப் பெயர்களைச் சொல்லட்டும். அதன்பின் உரக்கக் கத்தி ஆட்டத்தை அனுபவிக்கட்டும்.

இந்த வாரம் கடையிலோ இணையத்திலோ எதையாவது மலிவாய் வாங்கும்போது, ஒரு கணம் நின்று, மீதி விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்டுப்பாருங்கள். சிலவேளை விடை நிம்மதி தரும். சிலவேளை நாம் சற்று அதிகம் கொடுக்கவேண்டும் என்பது விளங்கும். இரண்டுக்கும் வேண்டிய கிருபையை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.

உங்கள் ஜெபங்களில் என்னை நினைத்துக்கொள்ளும்,
உங்கள் போதகர்