பாய்மரத்தை முறிப்பது புயல் மட்டும்தானா?

2018-இன் கோல்டன் குளோப் பந்தயத்தில், தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றக் கிளம்பியவர்களில் ஐந்து பேர் நடுக்கடலில் பாய்மரத்தை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் அப்போது நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி. கோவாவில் கட்டப்பட்ட அவருடைய 'துரியா' படகு செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் புரண்டு மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தவரை மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அதே புயலில் அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கஃகினின் படகும் மரத்தை இழந்தது. ஏன் முறிந்தது என்று கேட்டால் 'புயல்' என்பதே விடை. இந்த இரு படகுகளைப் பொறுத்தவரை அந்த விடையை நான் மறுக்கவில்லை. ஆனால் நெடுங்கடல் ஓடும் சிறு பாய்ப்படகுகள் எல்லாவற்றுக்கும் அதையே விடையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது தவறு என்பதே என் வாதம். புயல் ஒரு சுமை. அந்தச் சுமை எந்த ஆணியில், எந்தத் துளையில், எந்தக் கம்பியின் முனையில் போய் நின்றது என்று கண்டுபிடித்தால்தான் காரணத்தைக் கண்டதாகும்.

அதே பந்தயத்தில் முறியாமல் தப்பிய ஒரு மரம் இதை நன்றாக விளக்குகிறது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ழான்-லுக் வான் டென் ஹீடின் படகு நவம்பர் 5 அன்று தென் பசிபிக்கில் ஓர் அலையில் கவிழ்ந்து எழுந்தது. மரம் நின்றது, கம்பிகளும் அறவில்லை. ஆனால் பக்கவாட்டில் மரத்தை இழுத்துப் பிடிக்கும் கீழ்க்கம்பிகள் தொளதொளத்துப் போயின. மேலே பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கம்பிகளை மரத்தோடு சேர்க்கும் இணைப்பு மரத்தின் சுவரைக் கிழித்துக்கொண்டு சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. கம்பியின் தடிமனை மட்டும் நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே தோற்றது எஃகுக் கம்பி அல்ல, அது தொற்றிக்கொண்டிருந்த மரத்தின் சுவர். எது போனது என்று தெரிந்ததால் அவரால் மரத்தில் பலமுறை ஏறிக் கட்டுப்போட முடிந்தது. பாய்களைக் குறைத்து, கேப் ஹார்னைச் சுற்றி, 2019 ஜனவரி 29 அன்று முதலாவதாகக் கரை சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 73.

மரம் விழுந்துவிட்டால் இப்படிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. விழுந்த மரம் கம்பிகளோடு தொங்கிக்கொண்டு ஒவ்வொரு அலையிலும் படகின் உடலை இடிக்கும். ஓட்டை விழுவதற்குள் கம்பிகளை வெட்டிக் கடலில் தள்ளுவதைத் தவிர வழியில்லை. தடயம் முழுவதும் கடலுக்கடியில் போய்விடும். மிஞ்சுவது படகின் மேல்தளத்தில் நிற்கும் அடித்தகடுகளும் சில துண்டுக் கம்பிகளும்தான். அந்தத் துண்டுகளைக்கூட ஒரு நல்ல ரிக்கர், அதாவது மரத்தையும் கம்பிகளையும் கட்டிப் பராமரிக்கும் தொழிலாளி, வாசித்துவிடுவார். அறுந்த முனை இழுபட்டு மெலிந்திருந்தால், அது ஒரே இழுப்பில் அறுந்தது. மெலியாமல் தட்டையாக முறிந்து, முறிந்த பரப்பில் அலை வற்றிய மணலில் இருப்பதுபோல வரிவரியாகத் தெரிந்தால், விரிசல் நெடுநாளாக உள்ளே வளர்ந்திருக்கிறது. பழுப்பேறிய பகுதி பழைய விரிசல், பளபளக்கும் பகுதி கடைசி நாளின் முறிவு. பழுப்பு எவ்வளவு, பளபளப்பு எவ்வளவு என்று பார்த்தாலே அந்தப் பாகம் எவ்வளவு பலத்தோடு அந்தக் காற்றைச் சந்தித்தது என்பது புரியும்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கைதான் இங்கே பெரிய எதிரி. ஆனால் நம் வீடுகளில் உப்பை எவர்சில்வர் டப்பாவில் வைக்காமல் ஜாடியில் வைப்பது சும்மா இல்லை. அந்த எஃகைக் காப்பது அதன் மேலிருக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். காற்றுப் படும் இடத்தில் அது கீறப்பட்டாலும் தானே ஆறிவிடும். உப்புநீர் தேங்கி, காற்றுப் புகாத இடுக்கில் ஆறாது. படகில் அப்படிப்பட்ட இடுக்குகள் இரண்டு உண்டு. ஒன்று, 19 இழை முறுக்கிய கம்பியின் முனையை எஃகுக் குழாயில் செருகி அழுத்தியிருக்கும் வாய். மேல்முனையின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் நீர் வடிந்துவிடும். கீழ்முனையின் வாய் கிண்ணம்போல நீரை ஏந்திக்கொள்ளும். இன்னொன்று, கம்பிகளைப் படகின் உடலோடு பிணைக்கும் செயின்பிளேட் தகடு மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் அந்த ஓர் அங்குலம். வெளியே தெரியும் தகடு கண்ணாடியாக மின்னும். தளத்துக்குள் மறைந்த பகுதி அரிக்கப்பட்டிருக்கும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லாக் கம்பியையும் மாற்றிவிட்டால் போயிற்று, ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காப்பீட்டுக்காரர்கள் பலரும் கம்பியின் வயதைத்தான் கேட்கிறார்கள். மாற்றுவது நல்லதே, நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் வயது மட்டும் நோயைச் சொல்லாது. துறைமுகத்தில் பத்தாண்டு நின்ற படகின் கம்பியும், பெருங்கடலைக் கடந்த படகின் கம்பியும் ஒன்றல்ல. கடலோட்டத்தில் காற்றுக்கு மறைவான பக்கத்துக் கம்பி தளர்ந்திருந்தால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அது வெட்டி இழுபடும். லட்சக்கணக்கான வெட்டிழுப்புகளில் உலோகம் களைத்துப்போகும். அதனால்தான் ரிக்கர் கம்பியில் இரண்டு மீட்டரை அளந்து குறித்துக்கொண்டு, கம்பியை இழுத்துப் பிடிக்கும் முறுக்கியை இறுக்குகிறார். இந்த 19 இழைக் கம்பி அந்த இரண்டு மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீண்டால், அதன் அறுபடு பலத்தில் 5 சதவீத இழுவிசை அதில் ஏறியிருக்கிறது என்று கணக்கு. இது நாட்காட்டியில் கிடைக்காத செய்தி. அதைவிட முக்கியமாக, புதுக் கம்பி போட்டவர்கள் பழைய செயின்பிளேட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைக் கழற்ற உள்ளறை மரவேலையைப் பிரிக்க வேண்டும், செலவு ஏறும் என்பதே காரணம்.

இந்தச் செலவுக் கணக்கில் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. படகுத்துறையில் நின்று அண்ணாந்து பார்த்துச் சான்றிதழ் எழுதுவதும் 'பரிசோதனை' என்றே அழைக்கப்படுகிறது. இருக்கையில் கட்டிக்கொண்டு மர உச்சிவரை ஏறி, ஒவ்வொரு முனையிலும் பஞ்சை உருவி, அறுந்த இழை ஒன்றாவது அதைப் பிடித்து இழுக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதே பெயர்தான். கூலி பேசும்போது முன்னது மலிவாகத் தெரிகிறது. கழற்றிய செயின்பிளேட்டில் நடப்பதைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளிக்கிறார்கள். சிறிது நேரம் ஊறவிட்டு, மேலே உள்ள சாயத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, வெள்ளைப் பொடித் திரவத்தைத் தெளிக்கிறார்கள். தகடு சுண்ணாம்பு அடித்த சுவர்போல நிற்கிறது. விரிசல் இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். இருந்தால், ஆணித் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து மேலே வருகிறது. அடுத்து அவர்கள் கழற்றுவது படகின் மறுபக்கத்தில் இதே உயரத்தில், இதே வயதில், இதே சுமையைத் தாங்கி நிற்கும் அதன் ஜோடித் தகட்டை.