முகமறியாதவருக்கு ஒரு மடல்



வீட்டுத் துயரத்தை முன்பின் அறியாதவருக்கு எழுதுவதா என்று நம் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஆயினும் தினமலர் வாரமலரின் ‘அன்புடன் அந்தரங்கம்’ பகுதியை ஒருமுறையேனும் வாசித்திராத முஸ்லிம் இல்லங்கள் நம் கோவையில் எத்தனை இருக்கும்? 2010இல் மறைந்த எழுத்தாளர் அனுராதா ரமணன் அதில் பல்லாண்டுகள் பதில் எழுதினார். காதலில் ஏமாந்தவர்களும், கணவனின் பாராமுகத்தால் கருகியவர்களும் பெயரை மறைத்து அவருக்கு மடல் வரைந்தனர்.

இது புதிய வழக்கமன்று. 1691இல் இலண்டனில் ஜான் டண்டன் தொடங்கிய ‘ஏதீனியன் மெர்குரி’ இதழ், வாசகர் வினாக்களுக்கு விடை தருவதற்கென்றே நடந்தது. காதலும் மணவாழ்வும் பற்றிய வினாக்களும் வந்தன. பெரும் அறிஞர் குழாம் விடையளிப்பதாக மக்கள் நம்பினர். உண்மையில் டண்டனும் அவரைச் சேர்ந்த சிலருமே அந்தக் குழாம்! நம்மிடையேயும், 1943இல் மறைந்த மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்களுக்கு உள்ளத்தின் நோய்களை எழுதியனுப்பியோர் பலர். அவர்களுக்குச் சென்ற பதில்கள் ‘தர்பியத்துஸ் ஸாலிக்’ என்று நூலாகவே தொகுக்கப்பட்டுள்ளன.

அந்நியரை ஏன் நாடுகிறார்கள்? உறவினரிடம் உக்கடத்தில் காலையில் சொன்னது லுஹருக்குள் குனியமுத்தூர் போய்ச் சேர்ந்துவிடும் என்ற அச்சந்தான்.

நிஸ்வான் மத்ரஸாவில் பாடம் சொல்லும் எனக்கும் கிதாபுக்குள் மடித்துவைத்த துண்டுச் சீட்டுகள் வருவதுண்டு. பெயர் இராது. கையெழுத்தைக் கொண்டு ஆளை அறியலாம், நான் முயல்வதில்லை. ஆலோசனை கேட்கப்படுபவரிடம் ஒப்படைக்கப்படுவது ஓர் அமானிதமன்றோ! அச்சீட்டுகளில் பல சட்டம் கேட்பதில்லை. ‘அவரை நினைத்து அழுவது பாவமா?’ என்றே கேட்கின்றன.

அழுதவர் ஒருவரை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா (ரலி), அடிமையாயிருந்த தம் கணவர் முகீஸைப் பிரிந்தார். முகீஸ் தாடி நனையக் கண்ணீர் வடித்தபடி மதீனத்துத் தெருக்களில் அவரைப் பின்தொடர்ந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்கண்ணீரை ஏளனம் செய்யவில்லை. அவருடைய அன்பையும் பரீராவின் வெறுப்பையும் குறித்து அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வியந்து பேசினார்கள். திரும்பச் சேரலாமே என்று பரீராவிடம் சொன்னார்கள். இது கட்டளையா என்று அப்பெண்மணி வினவினார். இல்லை, பரிந்துரையே என்றார்கள் அண்ணலார். அப்படியாயின் அவர் எனக்குத் தேவையில்லை எனக் கூறிவிட்டார் பரீரா. அத்துடன் அது முடிந்தது.

அண்ணலார் இருவரையும் அறிந்திருந்தார்கள். மடலுக்குப் பதில் எழுதுபவரோ ஒருவரின் எழுத்தை மட்டுமே காண்கிறார். ‘பிரிந்துவிடு’ என்பதும் ‘பொறுத்துப் போ’ என்பதும் அவருக்கு ஒருவரி வேலை. அவ்வரியோடு வாழவேண்டியவள் வேறொருத்தி. ஆகவே நான் தீர்ப்பு எழுதுவதில்லை. அழுவது பாவமன்று என்று எழுதிவிட்டு, ‘இதை உன் வீட்டில் யாரிடம் சொல்ல முடியும்?’ என்று கேட்டு, சீட்டை மேசை மீதே வைத்துவிடுகிறேன்.

பெரும்பாலும், ‘யாருமில்லை’ என்ற பதிலே வருகிறது. அத்தாவின் பெயரோ அம்மாவின் பெயரோ இதுவரை வந்ததில்லை. ஒருத்தி மட்டும், நெடுநாள் கழித்து, ‘நன்னிமாவிடம் சொன்னேன், அவர்களும் அழுதார்கள்’ என்று எழுதியிருந்தாள்.